மோதி ஒட்டிக்கொண்டால் கணக்கை எங்கே தொடங்குவது? மீட்சியற்ற மோதலுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் ஒன் இயற்பியலில் மோதல் பாடம் தொடங்கியதும் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மோதினா ஆற்றல் குறையுதுன்றீங்க, உந்தம் மட்டும் இன்னா சார் அப்படியே நிக்குது?" வேலூர்ப் பக்கம் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் பழகிய கேள்விதான். நியாயமான கேள்வியும்கூட. ஆனால் "அது விதி, எழுதிக்கோ" என்ற பதிலோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அப்புறம் தேர்வில் உந்தத்தை எங்கே சமன்படுத்துவது, ஆற்றலை எங்கே சமன்படுத்துவது என்று தெரியாமல் இரண்டையும் கலந்துகட்டி எழுதிவிட்டு வருகிறார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. பாலிடெக்னிக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களும், பள்ளியில் விட்டதை இப்போது பிடிக்க நினைப்பவர்களும் படிக்கலாம். பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே: நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம், நிறையைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல்.

மோதல் வகைகளைச் சட்டென்று பார்த்துவிடுவோம். மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த இயக்க ஆற்றல் மாறாமல் இருந்தால் மீட்சி மோதல். குறைந்தால் மீட்சியற்ற மோதல். மோதிய இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே திசைவேகத்தில் போனால் முழு மீட்சியற்ற மோதல். தெருவில், மைதானத்தில், தண்டவாளத்தில் நாம் பார்ப்பதெல்லாம் கிட்டத்தட்ட மீட்சியற்றவைதான். எல்லா வகையிலும் உந்தம் மாறாது. மாறுவது ஆற்றலின் கதை மட்டுமே.

ஒரு வாகனும் இன்னொரு வாகனும்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த இடம் நம் வாலாஜா ரோடு. அந்த உரிமையில் முதல் கணக்கை ரயிலிலேயே வைத்துக்கொள்வோம். காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ என்ஜின் மாட்டும்போது பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த 'டொக்' சத்தமும் கூடவே வரும் ஆட்டமும் தெரியும். கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) மாட்டிக்கொண்ட நொடியில் நடப்பது ஒரு முழு மீட்சியற்ற மோதல்.

எண்களைச் சுலபமாக வைப்போம். சரக்கு ஏற்றிய 80 டன் வாகன் (சரக்கு ரயில் பெட்டி) ஒன்று வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் உருண்டு வருகிறது. 20 டன் காலி வாகன் பிரேக் போடாமல் சும்மா நிற்கிறது. மோதி மாட்டிக்கொள்கின்றன. மோதலுக்கு முன் மொத்த உந்தம் 80,000 × 1.5 = 1,20,000 கிலோகிராம் மீட்டர்/வினாடி. மோதலுக்குப் பின் நிறை 1,00,000 கிலோ. ஆகவே திசைவேகம் 1,20,000 ÷ 1,00,000 = 1.2 மீ/வி.

இங்கே வரை யாரும் தடுமாறுவதில்லை. இப்போது ஆற்றலைப் பாருங்கள். முன்னே: ½ × 80,000 × 2.25 = 90,000 ஜூல். பின்னே: ½ × 1,00,000 × 1.44 = 72,000 ஜூல். 18,000 ஜூல் காணோம். அந்த 'டொக்' சத்தத்தில் போயிருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். சத்தத்தில் போவது மிகச் சொற்பம். பெரும்பகுதி கப்ளிங்கின் பின்னாலிருக்கும் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு அமுங்கி உரசும்போது வெப்பமாகிறது.

உந்தம் ஏன் தப்பிக்கிறது?

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

மோதும் நேரத்தில் முதல் வாகன் இரண்டாவதைத் தள்ளுகிறது. இரண்டாவது முதலாவதை அதே அளவு எதிர்த்திசையில் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் ஒன்றேதான். ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொன்று விலகியிருக்க வழியில்லை. விசையை நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு, அதாவது உந்தத்தில் ஏற்படும் மாற்றம். விசை சமம், நேரம் சமம், திசை எதிர். ஒன்று இழந்த உந்தத்தை இன்னொன்று அப்படியே பெற்றாக வேண்டும். அமுங்கினாலும் உடைந்தாலும் இது மாறாது.

ஆற்றலுக்கு விசையை நேரத்தால் பெருக்குவதில்லை, தொலைவால் பெருக்குகிறோம். தொலைவு இருவருக்கும் சமமல்ல. சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

எண்ணில் பார்ப்போம். மோதல் 0.2 வினாடி நீடித்தது, விசை முழுக்க ஒரே சீராக இருந்தது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். காலி வாகன் பெற்ற உந்தம் 20,000 × 1.2 = 24,000. அதை 0.2 ஆல் வகுத்தால் விசை 1,20,000 நியூட்டன். அந்த 0.2 வினாடியில் முதல் வாகனின் வேகம் 1.5 இலிருந்து 1.2 ஆகிறது, சராசரி 1.35, நகர்ந்த தொலைவு 27 செ.மீ. இரண்டாவது வாகனின் வேகம் சுழியிலிருந்து 1.2 ஆகிறது, சராசரி 0.6, நகர்ந்தது 12 செ.மீ. முதல் வாகன் இழந்த ஆற்றல் 1,20,000 × 0.27 = 32,400 ஜூல். இரண்டாவது பெற்றது 1,20,000 × 0.12 = 14,400 ஜூல். வித்தியாசம் 18,000 ஜூல். மேலே காணாமல் போன அதே 18,000.

அந்த 27-க்கும் 12-க்கும் நடுவிலுள்ள 15 செ.மீ. எங்கே போனது? இரண்டு வாகன்களுக்கும் நடுவே அமுங்கியிருக்கிறது. அந்த இடத்தில் நல்ல சுருள்வில் ஒன்று இருந்து, அமுங்கிய அளவும் திரும்ப விரிந்து தள்ளியிருந்தால் ஆற்றல் முழுதும் திரும்பியிருக்கும்; அது மீட்சி மோதல் ஆகியிருக்கும். திரும்பாமல் அமுங்கியது அமுங்கியபடியே நின்றால் ஆற்றல் அங்கேயே வெப்பமாகிவிடுகிறது. உந்தத்துக்கு இப்படி ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஆற்றல் வெப்பமாக மாறலாம், உந்தத்துக்கு வேறு வடிவம் இல்லை.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். காலி வாகன் 1.5 மீ/வி வேகத்தில் வந்து, நிற்கும் 80 டன் வாகனில் மோதுகிறது. பொதுத் திசைவேகம் 30,000 ÷ 1,00,000 = 0.3 மீ/வி. முன்னே ஆற்றல் 22,500 ஜூல், பின்னே 4,500. இழப்பு மறுபடியும் 18,000! எதன் மீது எது மோதினாலும் இழப்பு ஒன்றே. முழு மீட்சியற்ற மோதலில் இழப்பைத் தீர்மானிப்பவை இரண்டு நிறைகளும் ஒன்றையொன்று நெருங்கும் வேகமும்தான். இரண்டு நிறைகளையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள் (இங்கே 80 × 20 ÷ 100 = 16 டன்). அதை நெருங்கும் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் இழப்பு வந்துவிடும்: ½ × 16,000 × 2.25 = 18,000. தேர்வில் விடையைச் சரிபார்க்க இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

விகிதமாகப் பார்த்தால் மட்டும் பெரிய வித்தியாசம். கனமானது வந்து மோதியபோது இழப்பு 20 சதவீதம். லேசானது வந்து மோதியபோது 80 சதவீதம். நிற்கும் பொருளின் நிறை மொத்த நிறையில் எத்தனை சதவீதமோ, இழப்பும் அத்தனை சதவீதம்.

வீட்டில் செய்து பார்க்க

நியூட்டன் பத்தடி நீள ஊசல்களைத் தொங்கவிட்டு, குண்டுகளை மோதவைத்து, காற்றால் வந்த இழப்பையும் கழித்துக் கணக்குப் பார்த்தார். நமக்கு ஒரு மேசையும் கொஞ்சம் சப்பாத்தி மாவும் போதும். கரிகிரிப் பக்கம் மண்பாண்டம் செய்பவர்களிடம் கேட்டுக் குழைத்த களிமண் வாங்கிவர முடிந்தால் இன்னும் நல்லது. மாவைவிடக் களிமண் பிடிப்பாக ஒட்டும்.

200 கிராமில் இரண்டு உருண்டை, 400 கிராமில் ஒன்று. நூலை நேராக மாவில் சொருகாதீர்கள். அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய சட்டைப் பட்டன் ஒன்றில் நூலைக் கோத்து, பட்டனை உருண்டைக்குள் புதைத்துவிடுங்கள். நூலின் ஒரு முனையை மேசையின் ஒரு நீள ஓரத்திலும் மறுமுனையை எதிர் ஓரத்திலும் டேப்பால் ஒட்டுங்கள். உருண்டை மேசைக்கு அடியில், நடுவே, ஆங்கில 'வி' வடிவ நூலில் தொங்கும். இப்படித் தொங்கினால்தான் மேசையின் நீளவாக்கில் மட்டும் ஆடும், பக்கவாட்டில் அலையாது. மேசை மட்டத்திலிருந்து உருண்டையின் நடுப்பகுதி வரை 60 செ.மீ. இருக்கட்டும். இரண்டாவது உருண்டையையும் அதே உயரத்தில், முதலாவதை லேசாகத் தொட்டபடி தொங்கவிடுங்கள்.

ஒரு உருண்டையைப் பின்னால் இழுங்கள். அது தொங்கிய இடத்துக்கும் இழுத்துப் பிடித்த இடத்துக்கும் நடுவே நேர்கோட்டில் 30 செ.மீ. இருக்க வேண்டும். ஆடிய வளைவை அளக்கக் கூடாது, தரையோடும் அளக்கக் கூடாது, சாய்வாக, நேர்கோட்டில். அந்த நேர்கோட்டுத் தொலைவுக்கும் அடிமட்டத்தில் உருண்டை எட்டும் வேகத்துக்கும் நேர்விகிதம் துல்லியமாகப் பொருந்தும். அதனால் வேகத்தை அளக்கக் கருவியே வேண்டாம், ஸ்கேல் போதும்.

கையால் விட்டால் விரல் கொஞ்சம் தள்ளிவிடும். உருண்டையை இன்னொரு நூலால் பின்னால் இழுத்து நாற்காலிக் காலில் கட்டி, அந்த நூலைத் தீக்குச்சியால் சுடுங்கள். சுத்தமாக விடுபடும். போன் கேமராவில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் ஒட்டிய உருண்டை எதுவரை போனது என்று நிறுத்திப் பார்க்கலாம். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வேலூர் மே மாத வெயிலில் மாவின் மேல்பகுதி சீக்கிரம் காய்ந்து தோல் கட்டும். அப்புறம் ஒட்டாமல் நழுவும். ஒவ்வொரு முறையும் மோதும் பக்கத்தில் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்ளுங்கள்.

200, 200 என்றால் ஒட்டிய உருண்டை 15 செ.மீ. போக வேண்டும். 400 வந்து 200-ஐ மோதினால் 20 செ.மீ. 200 வந்து 400-ஐ மோதினால் 10 செ.மீ. காற்றும் நூலும் கொஞ்சம் தின்னும். சற்றுக் குறைவாகத்தான் வரும். 200, 200 சோதனையில் 12-க்குக் கீழே போய்விட்டால் உருண்டைகள் நடுவே மோதாமல் ஓரத்தில் மோதிச் சுழன்றிருக்கின்றன என்று அர்த்தம்.

ஆற்றலையும் இதிலேயே பார்க்கலாம். நேர்கோட்டுத் தொலைவின் வர்க்கத்தை, மேசை மட்டத்திலிருந்து உருண்டை தொங்கும் ஆழத்தின் (60 செ.மீ.) இருமடங்கால் வகுத்தால் உயரம் கிடைக்கும். 30 செ.மீ. இழுத்தால் உயரம் 900 ÷ 120 = 7.5 செ.மீ. ஒட்டிய பின் 225 ÷ 120 = 1.875 செ.மீ. நிறை இரண்டு மடங்கு ஆகிவிட்டதால் ஆற்றல் பாதி மிஞ்சியிருக்கிறது. மீதிப் பாதி மாவைச் சப்பையாக்கியதில் போயிற்று. உருண்டையைப் பிரித்துப் பார்த்தால் மோதிய இடம் தட்டையாகியிருப்பது தெரியும்.

கடைசியாக, இரண்டு 200 கிராம் உருண்டைகளையும் எதிரெதிர்ப் பக்கம் 30 செ.மீ. இழுத்து ஒரே நேரத்தில் விடுங்கள். நடுவில் மோதி அப்படியே நின்றுவிடும். இயக்க ஆற்றல் முழுதும் காலி. உந்தமோ முன்னும் சுழி, பின்னும் சுழி.

குறி போடாதவருக்கு விடை வராது

அந்த இரட்டை உருண்டை சோதனையில் உந்தம் சுழி என்று சொல்ல முடிந்தது ஒன்றுக்கு நேர்க்குறி, இன்னொன்றுக்கு எதிர்க்குறி போட்டதால்தான். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் தெகார்த் திசையைக் கணக்கில் எடுக்காமல், அளவையும் வேகத்தையும் மட்டும் பெருக்கி மோதல் விதிகள் எழுதினார். பல விதிகள் தவறாகவே வந்தன. 1668-ல் லண்டன் ராயல் சொசைட்டி இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சொன்னபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் விடை அனுப்பினார்கள். மீட்சியற்ற மோதலை எடுத்துக்கொண்டவர் வாலிஸ். அத்தனை பெரிய தெகார்த்துக்கே சறுக்கிய இடம் என்பதால், முதல் வரியிலேயே "கிழக்கு நேர்க்குறி" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 10 டன் லாரி ஒன்று கிழக்கே 15 மீ/வி (மணிக்கு 54 கி.மீ.) வேகத்தில் போகிறது. எதிரே மேற்கு நோக்கி 1 டன் கார் 20 மீ/வி வேகத்தில் வருகிறது. மோதி ஒன்றாகச் சிக்கிக்கொள்கின்றன. மொத்த உந்தம் 1,50,000 − 20,000 = 1,30,000. நிறை 11,000. பொதுத் திசைவேகம் கிழக்கே 11.8 மீ/வி.

விடையோடு நிறுத்தாதீர்கள். லாரியின் வேகம் 15-லிருந்து 11.8 ஆனது, மாற்றம் 3.2 மீ/வி. கார் −20-லிருந்து +11.8 ஆனது, மாற்றம் 31.8 மீ/வி, அதாவது மணிக்கு 114 கி.மீ.க்கு மேல். உந்தத்தில் மாற்றம் இருவருக்கும் சமம்தான். ஆனால் உள்ளே இருப்பவர் உடம்பு உணர்வது திசைவேக மாற்றத்தை, அதுவும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள். காரில் இருப்பவருக்கு அது பத்து மடங்கு. பைக்கில் இருப்பவருக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஹெல்மெட் பற்றி நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டு திசை வந்தால் இரண்டு கணக்கு

கிரீன் சர்க்கிள் பக்கம் 500 கிலோ ஆட்டோ கிழக்கே 8 மீ/வி, 1,500 கிலோ வேன் வடக்கே 4 மீ/வி. மோதிச் சேர்ந்து நகர்கின்றன. கிழக்கு உந்தத்தைத் தனியே வையுங்கள்: 4,000. வடக்கு உந்தம் தனியே: 6,000. இரண்டையும் கூட்டி 10,000 என்று எழுதிவிடக் கூடாது. மொத்த நிறை 2,000 கிலோ. ஆகவே கிழக்கே 2 மீ/வி, வடக்கே 3 மீ/வி. பித்தாகரஸ் போட்டால் மொத்த வேகம் 3.6 மீ/வி, திசை, கிழக்கிலிருந்து வடக்காக 56°. ஆற்றல் 28,000-லிருந்து 13,000 ஜூல் ஆகிவிட்டது. விபத்தை ஆராய்பவர்கள் இதே கணக்கைப் பின்னிருந்து போடுகிறார்கள்: டயர் தேய்ந்த தடத்திலிருந்து மோதலுக்குப் பிந்தைய வேகத்தையும் திசையையும் கண்டுபிடித்து, அங்கிருந்து யார் எவ்வளவு வேகத்தில் வந்தார் என்று பார்க்கிறார்கள்.

யார் உள்ளே, யார் வெளியே

எந்தக் கணக்கிலும் பேனாவைத் தொடும் முன்பு செய்ய வேண்டியது இது. மோதும் பொருட்களைச் சுற்றி ஒரு கோடு வரையுங்கள். கோட்டுக்கு உள்ளேயிருப்பவை ஒன்றையொன்று எப்படித் தள்ளினாலும் கவலையில்லை. வெளியிலிருந்து ஏதாவது தள்ளுகிறதா, எந்தத் திசையில் என்று மட்டும் பாருங்கள். வாகன் கணக்கில் உருளும் உராய்வு வெளி விசைதான். ஆனால் மோதல் விசை லட்சத்தைத் தாண்டும்போது அது சில ஆயிரம் நியூட்டன், அந்த 0.2 வினாடியில் அதை மறந்துவிடலாம். மோதல் முடிந்து நூறு மீட்டர் உருளும்போது மறக்கக் கூடாது.

நேதாஜி மார்க்கெட்டில் தள்ளுவண்டி ஒன்று, சரக்கோடு 120 கிலோ, யாரும் தள்ளாமல் 1 மீ/வி வேகத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. மேலிருந்து 40 கிலோ மூட்டையை நேர் கீழாகப் போடுகிறார்கள். கிடைத்திசையில் வெளி விசை இல்லை; ஆகவே 120 × 1 = 160 × வேகம்; விடை 0.75 மீ/வி. செங்குத்துத் திசையில் மூட்டைக்கு உந்தம் இருந்ததே, அது எங்கே? தரை தடுத்துவிட்டது. செங்குத்தில் தரை வெளி விசை தருகிறது. அந்தத் திசையில் விதியைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே மோதலில் ஒரு திசைக்கு விதி பொருந்தும், இன்னொரு திசைக்குப் பொருந்தாது.

இதிலேயே ஒரு வில்லங்கமான கேள்வி உண்டு. அதே வண்டியிலிருந்து ஒரு மூட்டை நழுவிக் கீழே விழுந்தால் வண்டியின் வேகம் கூடுமா? நிறை குறைந்ததால் கூடும் என்று அவசரப்பட்டுச் சொல்வோம். கூடாது. நழுவும் மூட்டை தன் கிடைத்திசை வேகத்தோடேயே, தன் பங்கு உந்தத்தோடேயே போகிறது. வண்டியை அது பின்னுக்கோ முன்னுக்கோ தள்ளவில்லை. தரையில் பட்ட பிறகு அது நிற்பது தரைக்கும் அதற்கும் உள்ள விவகாரம்.

தோட்டாக் கணக்கு: பலரும் விழும் குழி

1742-ல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கித் தோட்டாவின் வேகத்தை அளக்க ஒரு வழியை வெளியிட்டார். தொங்கும் மரக்கட்டையில் சுட்டு, அது எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பது. பாலிஸ்டிக் ஊசல் என்பார்கள். பிளஸ் ஒன் முதல் நுழைவுத் தேர்வு வரை இது வராத வருடம் குறைவு.

10 கிராம் தோட்டா 1.99 கிலோ கட்டையில் புதைகிறது. இரண்டும் சேர்ந்து 20 செ.மீ. உயர்கின்றன. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்வோம்.

பலரும் உடனே தோட்டாவின் இயக்க ஆற்றலை உயர்ந்த கட்டையின் நிலை ஆற்றலோடு சமன்படுத்துவார்கள். வரும் விடை 28 மீ/வி. நல்ல வேகப்பந்து வீச்சாளரின் பந்து இதைவிட வேகமாகப் போகும். அப்போதே சந்தேகம் வர வேண்டும்.

சரியான வழியில் கணக்கு இரண்டாக உடைகிறது. முதலில் தோட்டா கட்டையில் புதையும் நேரம்: அங்கே உந்தம் மட்டும் மாறாது, ஆற்றல் பறிபோகிறது. அடுத்து கட்டை மேலே ஏறும் நேரம்: அங்கே வெளி விசையான புவியீர்ப்பு உந்தத்தை மாற்றுகிறது, ஆனால் இயந்திர ஆற்றல் (இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சேர்ந்தது) மாறாது. பின்னாலிருந்து வாருங்கள். 20 செ.மீ. உயர, அடியில் வேகம் √(2 × 10 × 0.2) = 2 மீ/வி. அந்த நொடியின் உந்தம் 2 × 2 = 4. அது தோட்டா கொண்டுவந்த உந்தம். 4 ÷ 0.01 = 400 மீ/வி. இழப்பைப் பாருங்கள்: தோட்டாவின் ஆற்றல் 800 ஜூல், கட்டை கிளம்பும்போது 4 ஜூல். 99.5 சதவீதம் மரத்தைத் துளைத்துச் சூடாக்குவதிலேயே போய்விட்டது. அதைப் புறக்கணித்ததால்தான் 28 வந்தது.

ஒட்டாமல் விலகிப் போனால்

அப்போது தெரியாதவை இரண்டு, உந்தச் சமன்பாடு ஒன்று. இன்னொரு தகவல் வேண்டும். அதுதான் மீட்சியளிப்பு குணகம்: விலகும் வேகத்தை நெருங்கிய வேகத்தால் வகுத்தால் வருவது. ஒட்டிக்கொண்டால் 0, முழு மீட்சி என்றால் 1. நியூட்டன் தன் ஊசல்களில் இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைக்கு 5/9, கண்ணாடிக்கு 15/16 என்று அளந்திருக்கிறார். நம் தெருக் கிரிக்கெட் டென்னிஸ் பந்துக்கும் பன்னாட்டு விதி உண்டு: 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 செ.மீ. எழும்ப வேண்டும். உயரங்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் குணகம் 0.73 முதல் 0.76.

3 கிலோ பொருள் 4 மீ/வி வேகத்தில் வந்து, நிற்கும் 1 கிலோவை மோதுகிறது, குணகம் 0.5. விலகும் வேகம் 2. அதாவது இரண்டாவது, முதலாவதைவிட 2 கூடுதல் வேகத்தில் போகும். மொத்த உந்தம் 12. முதலாவதின் வேகத்தை நான்கால் பெருக்கி 2 கூட்டினால் 12 என்று வருகிறது. ஆகவே முதலாவது 2.5, இரண்டாவது 4.5 மீ/வி. ஆற்றல் 24-லிருந்து 19.5 ஜூல். இழப்பு 4.5. முன்பு சொன்ன குறுக்குவழியில் 6 வரும். குணகத்தின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்த 0.75 ஆல் அதைப் பெருக்கினால் 4.5. சரியாகப் பொருந்துகிறது.

எந்தக் கணக்கையும் மூடும் முன் கொஞ்சம் முறைத்துப் பாருங்கள். ஒட்டிய பொருளின் வேகம் மோதலுக்கு முன்பிருந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். உள்ளே வெடிமருந்தோ அமுக்கிவைத்த சுருள்வில்லோ இல்லாமல் இயக்க ஆற்றல் கூடியிருந்தால் எங்கோ குறி பிசகிவிட்டது. டன்னும் கிலோவும் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்கைவிட நிஜம் கூடுதலாகத் தந்த இடம்

ஜவ்வாது மலையில், பழைய வட ஆற்காட்டுக்குள், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட குறுங்கோள் 1988-ல் அங்கிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மாதிரி ஒரு பாறையை இடித்துத் திசை மாற்ற முடியுமா என்று பார்க்க, 2022 செப்டம்பரில் நாசா தன் டார்ட் விண்கலத்தை டைமார்ஃபோஸ் என்ற சிறு பாறை மீது மோதவிட்டது. கலம் சுமார் 580 கிலோ, வேகம் வினாடிக்கு சுமார் 6 கி.மீ. பாறை சுமார் 430 கோடி கிலோ. நாம் படித்த முறையில், மோதி ஒட்டிக்கொண்டது என்று போட்டால் பாறையின் வேகம் வினாடிக்கு 0.8 மி.மீ. மாற வேண்டும். உண்மையில் மாறியது சுமார் 2.7 மி.மீ.; அது தன் பெரிய கூட்டாளிப் பாறையைச் சுற்றும் நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது.

விதி பொய்க்கவில்லை. மோதலில் கிளம்பிய தூளும் கல்லும் கலம் வந்த பக்கமாகவே பீறிட்டுத் தெறித்தன. அவை பின்னோக்கி எடுத்துப்போன உந்தத்துக்கு ஈடாகப் பாறை முன்னோக்கிக் கூடுதலாகத் தள்ளப்பட்டது. நாம் வரைந்த கோட்டுக்குள் அந்தத் தூளையும் சேர்த்திருக்க வேண்டும்.

போட்டுப் பார்க்க மூன்று

60 கிலோ பையன் 5 மீ/வி வேகத்தில் ஓடிவந்து, நிற்கும் 20 கிலோ தட்டு வண்டியில் ஏறி நிற்கிறான். வேகமும் ஆற்றல் இழப்பும் என்ன? (3.75 மீ/வி, 187.5 ஜூல்.)

2 கிலோ களிமண் கிழக்கே 3 மீ/வி, 1 கிலோ களிமண் மேற்கே 6 மீ/வி. மோதி ஒட்டினால்? (நின்றுவிடும், 27 ஜூலும் போய்விடும்.)

20 டன் திறந்த வாகன் 2 மீ/வி வேகத்தில் உராய்வில்லாமல் உருள்கிறது. மழை நேர் கீழாகப் பெய்து 1 டன் தண்ணீர் உள்ளே சேர்கிறது. பிறகு அடியிலுள்ள அடைப்பைத் திறந்து தண்ணீர் முழுவதையும் நேர் கீழாக வடியவிடுகிறார்கள். மழைக்குப் பின் வேகம் என்ன, வடிந்த பின் என்ன? (இரண்டுக்கும் 1.905 மீ/வி. இரண்டாவது விடை 2 என்று வந்தவர்கள் தள்ளுவண்டி மூட்டையை இன்னொரு முறை படியுங்கள்.)